த்ரீடி பிரிண்ட் டைட்டானியம்: நீங்க கேட்டதும் என் பதிலும்

கேள்வி: பிரிண்ட் பண்ண டைட்டானியம், ராடுல கடைஞ்சு எடுத்ததை விட வீக்கா இருக்குமா சார்?

அப்படியே தலைகீழுங்க. 6-4 அலாயை (6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம் கலந்த டைட்டானியம்) ராடா வாங்கினா, இழுத்தா அறாம தாங்குற பலத்துக்கு ஸ்டாண்டர்டு கேக்குறது 895 மெகாபாஸ்கல்தான், பவுடரை லேசர்ல உருக்கி பிரிண்ட் பண்ண கையோட டெஸ்ட் பண்ணா 1100ஐ சாதாரணமா தாண்டும். லேசர் நகர்ந்ததும் உருகின இடம் சட்டுனு உறைஞ்சு உள்ள ஊசி ஊசியா மார்டென்சைட்ங்கிற கடினமான அமைப்பு உண்டாகுது, பலம் அதுலேருந்துதான். ஆனா நீளுற தன்மை பல சமயம் 10 சதவீதத்துக்கு கீழ போயிடும், அதனால ரிப்போர்ட் வந்தா முதல்ல எலாங்கேஷனை (அறுறதுக்கு முன்னாடி எவ்வளவு நீளுதுங்கிறதை) பாருங்க.

கேள்வி: அவசர ஆர்டர். பிரிண்ட் ஒட்டி வளர்ற அடிபிளேட்லேருந்து வெட்டிட்டு அப்புறம் ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணலாமா?

தயவுசெஞ்சு வேண்டாம். நான் ஒருதடவை பண்ணேன், மெல்லிசா நீளமான பிராக்கெட், வயர்கட் (மின்பொறியால வெட்டுற கம்பி) பாதி தூரம் போறதுக்குள்ள வெட்டின முனை வில்லு மாதிரி மேல தூக்கிக்கிச்சு, மொத்த பார்ட்டும் ஸ்கிராப். பிளேட்டோட சேர்த்தே வேக்குவம் ஃபர்னஸ்ல வைங்க, சுமார் 800 டிகிரி, 2 மணி நேரம். உள்ள இருக்கிற ஸ்ட்ரெஸ் போயிடும், மார்டென்சைட்டும் ஆல்ஃபா, பீட்டாங்கிற ரெண்டு படிக அமைப்பா பிரியும், பலம் கொஞ்சம் இறங்கினாலும் நீட்சி திரும்ப வரும். எடுக்கும்போது பளிச்சுனு வெள்ளியா இருக்கணும், நீலம் ஏறியிருந்தா காத்து புகுந்திருக்கு.

கேள்வி: ஹிப் (சூட்டோட நாலாபக்கமும் கேஸ் அழுத்தம் குடுக்குறது) பண்ணா ஃபெடீக் பிரச்சனை, அதாவது திரும்பத் திரும்ப லோடு வந்து விரிசல் விடுறது, தீருமா?

பாதி தீரும். 920 டிகிரி, 1000 பார் ஆர்கான்ல உள்ள அடைபட்ட ஓட்டையெல்லாம் நசுங்கி மூடிக்கும், ஆனா வெளிய திறந்திருக்கிற ஓட்டைக்குள்ள கேஸும் போயிடுறதால அது மூடாது. மேல இருக்கிற சொரசொரப்பும் அப்படியேதான், விரிசல் கிளம்புறதே அங்கதான், லோடு வர்ற இடத்தையாவது மெஷினிங் பண்ணிடுங்க.

கேள்வி: அலாயையே மாத்தி பலப்படுத்த முடியாதா?

எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது. 6-4ல கிரெய்ன் (உலோகத்துக்குள்ள இருக்கிற படிகத் துணுக்கு) கீழேருந்து மேல தூண் தூணா வளரும், அதனால படுக்க வச்சு இழுத்தா ஒரு ரிசல்ட், நிக்க வச்சு இழுத்தா வேற ரிசல்ட். 2019ல மெல்போர்ன் ஆர்எம்ஐடி யுனிவர்சிட்டில டைட்டானியத்தோட தாமிரம் கலந்தாங்க, தூணே வரல, பொடிப்பொடி கிரெய்ன்! 2020ல அங்கயே அலாயை மாத்தாம உருகின குட்டையை அல்ட்ராசவுண்டால குலுக்கினாங்க, பலம் 12 சதவீதம் கூடுச்சு. 2023ல அவங்களும் சிட்னி யுனிவர்சிட்டியும் சேர்ந்து ஆக்ஸிஜனையும் இரும்பையும் வச்சே பலமான அலாய் பண்ணிட்டாங்க, உலோகம் நொறுங்கிடும்னு நாம பயந்து ஒதுக்குற அதே ஆக்ஸிஜன்! அதுக்காக 6-4ல விட்டுடாதீங்க, கிரேடு 5க்கு (6-4ஓட ஸ்டாண்டர்டு பேர்) ஆக்ஸிஜன் லிமிட் 0.20 சதவீதம், பிரிண்ட்ல மிஞ்சின பழைய பவுடரை சலிச்சு திரும்ப போடும்போது ஆக்ஸிஜன் டெஸ்ட் பண்ணிட்டுதான் போடணும்.