5 வயதுப் பெண் குழந்தைக்கு குரோஷாவில் குட்டை ஜாக்கெட் போடுவது எப்படி?

புதுச்சேரியில் இருக்கிறேன், குரோஷா என்னும் கொக்கி ஊசிப் பின்னலில் டேபிள் மேட்டும் கதவுத் தோரணமும் போடத் தெரியும், துணி மாதிரி எதுவும் போட்டதில்லை, மார்கழிக்குள் மகளுக்கு முன்பக்கம் திறந்த ஜாக்கெட் ஒன்று முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். தோரணம் போட்ட கைக்கு இது பெரிய வேலையே இல்லை. தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு மூன்று வாரம்.

ஆனால் கம்பளி நூலைத் தொடாதீர்கள். நான் பக்கத்தில் கடலூர் மஞ்சக்குப்பத்தில்தான் இருக்கிறேன். நம் கரையோரத்தில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஊட்டிக்குப் போடுவதை இங்கே போட்டால் பிள்ளைக்கு வேர்க்குருதான் மிச்சம்.

அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். எனக்கு குரோஷா கற்றுக்கொடுத்தது முத்தியால்பேட்டைப் பெரியம்மா. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே கரையேறியதே, அப்போது எங்கள் வீட்டுக்கு வந்த இடத்தில் மாட்டிக்கொண்டார். பல நாள் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. பையிலிருந்து ஒரு கொக்கி ஊசியை எடுத்து, "வயர்கூடை பின்னுவியே, அதே கைதான், வா" என்றார். ஜன்னல் வெளிச்சத்தில் சங்கிலி, சிங்கிள், டபுள் என்ற மூன்று அடிப்படைத் தையல்களும் வந்துவிட்டன. (குரோஷே என்றால் பிரெஞ்சில் சின்னக் கொக்கி என்று புதுச்சேரிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெரியம்மா வாயில் அது கடைசி வரை குரோஷாதான்.)

சில வருஷம் கழித்து தம்பி பொண்ணுக்கு ஜாக்கெட் போடப் போகிறேன் என்றதும் பெரியம்மா, "பாவாடைக்கா? ஜாக்கெட்டுக்கு லைனிங் எவ்ளோ எடுத்த?" என்று கேட்டார். நம் பக்கம் ஜாக்கெட் என்றால் பிளவுஸ்தானே. இல்லை பெரியம்மா, ஃபிராக் மேல போடுற பொலெரோ என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்த முதல் ஜாக்கெட்டில் இரண்டு தப்பு. ரோஸ் கலர் உல்லன் நூல் வாங்கினேன். பத்து நிமிஷம் போட்டுக்கொண்டு, "அத்தை, குத்துது" என்று கழற்றி வீசிவிட்டாள். இன்னொன்று அதைவிடக் கூத்து. இணையத்தில் கிடைத்த ஒரு பேட்டர்னை, அதாவது செய்முறைக் குறிப்பை, அப்படியே போட்டேன். அது பிரிட்டிஷ் முறையில் எழுதியது. அவர்கள் டபுள் என்று எழுதுவது அமெரிக்க முறையில் சிங்கிள். அமெரிக்க டபுளுக்கு அவர்கள் பெயர் டிரெபிள். எனக்கு அது தெரியாமல் டபுள் என்ற இடத்தில் எல்லாம் நமக்குப் பழகிய உயரமான டபுளையே போட, குட்டை ஜாக்கெட் முட்டிவரை இறங்கியது. பேட்டர்ன் எடுத்ததும் அதில் சிங்கிள் என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அமெரிக்க முறை. பிரிட்டிஷ் முறையில் அந்தச் சொல்லே கிடையாது. இங்கே கீழே நான் சொல்வதெல்லாம் அமெரிக்க டபுள்.

நூலுக்கு வருகிறேன். 8 பிளை தடிமனில் பருத்தி நூல், 200 முதல் 250 கிராம், 4 மில்லிமீட்டர் ஊசி. தோரணம் போடும் மெல்லிய நூலில் ஆரம்பித்தால் முடிவதற்குள் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போய்விடுவாள். லேபிளில் லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதியின் எண், போட்டிருக்கும். எல்லா உருண்டையும் ஒரே லாட்டில், ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். அடுத்த வாரம் போய் அதே சிவப்பைக் கேட்டால் கடைக்காரர் அதே சிவப்பைத்தான் தருவார், வெயிலில் பார்த்தால் வேறு சிவப்பாக இருக்கும்.

கையோடு 15 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு துண்டு போட்டு, நனைத்துக் காயவைத்து, அதன் நடுவில் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை டபுள், எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். பருத்தி நனைந்தால் கொஞ்சம் தொங்கும், சாயம் போகுமா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். தோரணத்துக்கு இந்தத் துண்டு தேவைப்பட்டிருக்காது. உடம்பில் உட்காரும் சாமானுக்கு இது இல்லாமல் இறங்காதீர்கள். என் கைக்கு 16 டபுள், 9 வரிசை வரும். உங்களுக்கும் அப்படி வந்தால் கீழே உள்ள கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 18 வந்தால் ஊசியை ஒரு அளவு பெரிதாக்கிப் பாருங்கள்.

முன்பாகம், பின்பாகம், கை என்று தனித்தனியாகப் போட்டுத் தைக்க வேண்டாம். கழுத்திலிருந்து கீழே ஒரே துண்டாக இறங்குவதுதான் எனக்குப் பிடித்த வழி. நடு நடுவே பிள்ளை மேல் வைத்துப் பார்க்கலாம், தப்பினால் தப்பிய இடம் வரை மட்டும் பிரிக்கலாம். மார்புச் சுற்று 57 சென்டிமீட்டர் இருக்கும் பிள்ளைக்கு, அதாவது சுமாரான 5 வயதுக்கு, 58 சங்கிலி. இதை மட்டும் 4.5 ஊசியில் போடுங்கள். சங்கிலி இறுகினால் கழுத்தோரம் கயிறு மாதிரி அறுக்கும். ஊசியிலிருந்து நான்காவது சங்கிலியில் முதல் டபுள். விட்ட மூன்றும் ஒரு டபுள் கணக்கு, ஆக மொத்தம் 56. இதை 8, மூலை, 8, மூலை, 20, மூலை, 8, மூலை, 8 என்று பிரிக்க வேண்டும். ஓரத்து எட்டுகள் முன்பாகங்கள், உள்ளே இருக்கும் எட்டுகள் கைகள், 20 முதுகு. மூலைத் தையல் ஒவ்வொன்றிலும் ஒரு டபுள், ஒரு சங்கிலி, ஒரு டபுள். அடுத்த வரிசையில் அந்தச் சங்கிலி ஓட்டைக்குள் மறுபடி அதே மூன்று. மற்ற இடமெல்லாம் தையலுக்கு ஒரு டபுள். வரிசைக்கு 8 டபுள் கூடிக்கொண்டே போகும்.

மூலை வைத்துக் கூட்டும் 13 வரிசை முடியும்போது முன்பாகம் 21, கை 34, முதுகு 46 இருக்க வேண்டும். எண்ணுங்கள். எனக்கு எப்போதும் ஒரு கையில் 33-தான் இருக்கும், ஏன் என்று இன்றுவரை புரியவில்லை.

இங்கே வந்ததும் கைகளை அப்படியே விட்டுவிட்டு, முன்பாகத்திலிருந்து 4 சங்கிலி போட்டு முதுகுக்குத் தாவுங்கள், அந்தப் பக்கமும் 4 சங்கிலி. அதுதான் அக்குள். மொத்தம் 96 டபுள், 60 சென்டிமீட்டர். முன்னோரத்தில் பார்டர் ஏறியதும் 63 ஆகும். மார்பைவிட 6 சென்டிமீட்டர் தளர்வு, ஃபிராக் மேல் போட இது போதும். 9 அல்லது 10 வரிசை இறங்கினால் இடுப்பில் வந்து நிற்கும். விட்ட கை இரண்டிலும் அக்குளோடு சேர்த்து 38 டபுள், நான்கு வரிசை. முழுக்கை நம் ஊருக்கு வேண்டாம். கடைசியாகக் கழுத்து, முன்னோரம், அடிப்பக்கம் எல்லாம் சுற்றி இரண்டு மூன்று வரிசை சிங்கிள்.

ஓட்டை ஓட்டையான பூ டிசைன் போட ஆசை வரும். உடம்புப் பகுதியில் போடுங்கள், தோள்பக்கம் வேண்டாம். ஜிமிக்கி அதில் மாட்டினால் காதும் போய் ஜாக்கெட்டும் போய்விடும். கழுத்தில் கட்டுக்கயிறு, ரிப்பன் எதுவும் வைக்காதீர்கள். ஊஞ்சலிலோ சறுக்குமரத்திலோ மாட்டி இழுத்தால் ஆபத்து. ஒரே ஒரு சிரட்டை பட்டன் போதும், பிய்த்து வாயில் போட முடியாதபடி இறுக்கித் தையுங்கள்.

மூலைக்கு அடையாளம் வைக்க ஊக்கு மட்டும் குத்தாதீர்கள். வேலையை ஒரு மாதம் கிடப்பில் போட்டேன், கடற்காற்றில் ஊக்கு துருப்பிடித்து வெள்ளை நூலில் நான்கு பழுப்புப் புள்ளி. எத்தனை எலுமிச்சம்பழம் தேய்த்தும் போகவில்லை. வேறு கலர் நூலில் ஒரு சின்னத் துண்டைக் கட்டிவிட்டாலே போதும்.

துவைத்ததும் கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர் கனத்தில் நீண்டுபோகும். துண்டில் சுருட்டிப் பிழிந்து, கட்டிலில் விரித்துவிடுங்கள்.

தம்பி பொண்ணின் இரண்டாவது ஜாக்கெட் இந்தக் கணக்கில் போட்டதுதான், வெள்ளைப் பருத்தி. இரண்டு வருஷம் கழித்து இடுப்புக்கு மேலே ஏறிவிட்டது. அடிப் பார்டரைப் பிரித்து ஐந்து வரிசை கூட்டினேன். அதே வெள்ளை கிடைக்கவில்லை, மஞ்சள் போட்டேன். அந்தத் துருப்புள்ளி நான்கும் இன்னும் தோளில் இருக்கின்றன. அவள் அதைப் பூ என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், நானும் ஒன்றும் சொல்லவில்லை.