கேள்வி – பதில்: மாவட்டத்தின் இலக்கு யாருடைய இலக்கு?

கிராமப்புற மாவட்டங்களின் வளர்ச்சி இலக்குகள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். புதுக்கோட்டையிலிருந்தும் அதன் சுற்றுவட்டாரத்திலிருந்தும் மிகுதியான கடிதங்கள் வந்திருப்பதால் பதில்களும் அந்த மண்ணையே சுற்றி வருகின்றன.

ஆலங்குடி வாசகர்: ஆட்சியர் அலுவலகத்தில் ‘மாவட்டத்தின் பொது இலக்குகள்’ என்று பலகை வைக்கிறார்கள். ஒரு மாவட்டத்து மக்கள் எல்லோரும் சேர்ந்து ஓர் இலக்கை உண்மையிலேயே தமதாக எடுத்துக்கொண்டது எங்கேனும் நடந்திருக்கிறதா?

தங்கள் மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது. 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டு, 1990-இல் கேரளத்தின் எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்ட பிறகு, அதே முறையை ஏற்றுக்கொண்ட தமிழக மாவட்டங்களுள் புதுக்கோட்டையும் ஒன்று. மழையையும் கண்மாயையும் நம்பியிருந்த, 1974-இல்தான் தனி மாவட்டமாக உருவான, தொழிற்சாலைகள் மிகக் குறைவாக இருந்த பகுதி அது. 1991-இல் அங்கு தொடங்கிய அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் அரசு அலுவலர்களும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் ஊர் ஊராகத் திரண்ட தொண்டர்களும் சேர்ந்து உழைத்தார்கள். பகல் முழுவதும் வயலிலும் கல்குவாரியிலும் வேலை செய்துவிட்டு வந்த பெண்கள் இரவில் விளக்கொளியில் எழுத்துக் கூட்டினார்கள். அவர்களுக்குக் கற்பித்தவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத, அதே தெருவைச் சேர்ந்த இளைஞர்களும் இளம்பெண்களும்தான்.

இதில் சைக்கிள் வந்து சேர்ந்த கதை பலருக்குத் தெரியும். அது ஏன் வந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெண் தொண்டர்கள் ஒரு குக்கிராமத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குப் பேருந்தையோ வீட்டு ஆண்களையோ எதிர்பார்க்க வேண்டியிருந்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்களின் நடமாட்டத்தையும் எழுத்தறிவின் ஒரு பகுதியாகவே கருதி, சைக்கிள் ஓட்டக் கற்பதை இயக்கத்தின் பணிகளுள் சேர்த்தார். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் இதற்கென இலக்கு வகுக்கப்பட்டது. சைக்கிள் வாங்கக் கடன் கிடைக்கவும் வழி செய்யப்பட்டது. பெண்களுக்கான சைக்கிள்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிள்களையே பலர் வாங்கினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைத்துக் கொள்ளலாம் என்பதால் சிலர் அவற்றையே விரும்பவும் செய்தார்கள். விவசாயக் கூலிகள், குவாரித் தொழிலாளர்கள், கிராமச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் என ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டதாகப் பதிவுகள் கூறுகின்றன.

அந்த இலக்கு நிறைவேறியதா என்று அறிய எந்த அலுவலரும் வர வேண்டியிருக்கவில்லை என்பதே என் பார்வையில் இதன் சிறப்பு. அடுத்த வீட்டுப் பெண் தண்ணீர்க் குடத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு சைக்கிளில் வருகிறாளா என்பதைத் திண்ணையில் இருக்கும் பாட்டியே பார்த்துச் சொல்லிவிடலாம். இலக்கினால் பயன்பெற வேண்டியவரே அதைச் சோதித்துப் பார்க்க முடிந்தால்தான் அது பொது இலக்கு; மற்றவையெல்லாம் அலுவலக இலக்குகளே.

கீரனூர் ஆசிரியை: அப்படியானால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புதுக்கோட்டையின் எழுத்தறிவு மாநில சராசரியைவிடக் குறைவாக இருந்தது எப்படி? அறிவொளி தோற்றுவிட்டதா?

நியாயமான கேள்வி. 2011-இல் மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 77 விழுக்காடு. மாநிலத்தின் சராசரி 80. இதற்குச் சில காரணங்கள் உள்ளன. அறிவொளி ஒரு குறிப்பிட்ட வயது வரம்புக்குள் இருந்தவர்களை மட்டுமே தன் கணக்கில் எடுத்துக்கொண்டது; கணக்கெடுப்போ ஏழு வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும், முதியோர் உட்பட, எண்ணுகிறது. மேலும், முதிர்ந்த வயதில் கற்ற எழுத்து, தொடர்ந்து படிக்க எதுவும் கிடைக்காவிட்டால் சில ஆண்டுகளில் மங்கிவிடும். அடுத்த கட்டமாக நடந்திருக்க வேண்டிய தொடர் கல்வி பல மாவட்டங்களில் முதல் கட்டத்தின் வேகத்தோடு நடக்கவில்லை.

‘முழு எழுத்தறிவு’ என்று தேதி குறித்து அறிவித்ததே இயக்கத்தின் பலவீனமான பகுதி என்று நான் கருதுகிறேன். அறிவிப்பு வந்தவுடன் வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணம் அரசுக்கு வந்துவிடுகிறது. சைக்கிள் ஓட்டத்தில் யாரும் ‘நிறைவு’ என்று அறிவிக்கவில்லை. ஆகவே அது தாயிடமிருந்து மகளுக்குத் தானாகவே போய்ச் சேர்ந்தது. அம்மா ஓட்டிய ஊரில் மகள் உயர்நிலைப் பள்ளிக்குச் சைக்கிளில் போவதைக் குறித்து யாரும் பேசிக்கொள்வதில்லை. எந்தக் குறியீட்டிலும் ஏறாத அந்த மாற்றத்தைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கமுதி வாசகர்: எங்கள் ராமநாதபுரம் ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் இருக்கிறது. அவ்வப்போது தரவரிசையில் ஏறியதாகச் செய்தி வருகிறது. ஊரில் அது தெரியவில்லையே?

2018 ஜனவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய அத்திட்டத்தில் நாடு முழுவதும் 112 மாவட்டங்கள் உள்ளன. தமிழகத்திலிருந்து ராமநாதபுரமும் விருதுநகரும் மட்டும். 49 குறியீடுகளைக் கொண்டு அளக்கிறார்கள். மொத்த மதிப்பில் சுகாதாரமும் ஊட்டச்சத்தும் 30 விழுக்காடு, கல்வி 30, வேளாண்மையும் நீர்வளமும் 20, நிதிச் சேவையும் திறன் வளர்ப்பும் 10, அடிப்படைக் கட்டமைப்பு 10. மாதந்தோறும் வெளியாகும் தரவரிசையில் பெரிதும் பேசப்படுவது முந்தைய மாதத்தைவிட எவ்வளவு மாறியது என்ற கணக்கு. ஆகவே மிகவும் பின்தங்கிய மாவட்டம் ஒன்று ஒரே மாதத்தில் வங்கிக் கணக்குகளைத் திறந்து முதலிடத்துக்கு வரலாம். அதனால் அங்கே வாழ்க்கை மேம்பட்டுவிட்டது என்று பொருளில்லை.

இருந்தாலும் அத்திட்டத்தை முற்றிலும் ஒதுக்கிவிட மாட்டேன். தனித்தனியே இயங்கிய துறைகள் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே எண்ணைப் பார்த்தது நன்மையே. ஆனால், வைகையின் கடைமடையில் இருக்கும் உங்கள் மாவட்டத்தில் கண்மாய் நிரம்பியதா, வரத்துக் கால்வாயில் சீமைக் கருவேலம் அகற்றப்பட்டதா, அகற்றியது மீண்டும் முளைத்ததா என்பவைதான் விவசாயியின் குறியீடுகள். அவற்றை உங்கள் ஊரே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தரவரிசை வரும்போது அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அன்னவாசல் வாசகர்: வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் ஒன்றியத்தில் வேங்கைவயலும் இருக்கிறது. எந்தக் கணக்கை நம்புவது?

இரண்டுமே உண்மை என்பதுதான் வேதனை. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல், ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய் இணைப்பு, நபருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தரமான தண்ணீர் என்பது. 2022 டிசம்பரில் பட்டியலின மக்கள் வாழும் வேங்கைவயலின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டபோது, இணைப்புகளை எண்ணும் கணக்கின் ‘தண்ணீர் வசதி’ என்ற கட்டத்தில் குறை எதுவும் காட்டியிருக்காது. அதையொட்டி அதிகாரிகள் அந்த ஊருக்குப் போனபோதுதான் கோயில் நுழைவு மறுப்பும் தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையும் வெளிச்சத்துக்கு வந்தன. வழக்கின் போக்கு பற்றி இங்கு நான் கருத்துச் சொல்லப் போவதில்லை.

ஒரு மாவட்டத்தின் நலம் என்பது அங்கே மிகவும் ஒதுக்கப்பட்ட தெருவின் நலத்திலிருந்து அளக்கப்பட வேண்டும். ஊராட்சியின் சராசரியைக் கேட்காமல், கடைசித் தெருவின் குழாயில் எத்தனை மணிக்கு, எத்தனை குடம் தண்ணீர் வருகிறது, அந்தத் தெருவைச் சேர்ந்தவர் தொட்டியைச் சுத்தம் செய்யும் நாளை அறிவாரா, கிராம சபையில் அவர் எழுந்து பேச முடிகிறதா என்று கேட்க வேண்டும். ‘சமூக நீதியும் சமூகப் பாதுகாப்பும் உள்ள ஊர்’ என்பதும் அரசு ஊராட்சிகளுக்கு வகுத்துத் தந்த ஒன்பது கருப்பொருள்களுள் ஒன்று. ஊராட்சிகள் அதைத் தேர்வு செய்யத் தயங்குகின்றன. சாலையும் தெருவிளக்கும் யாரையும் சங்கடப்படுத்துவதில்லை அல்லவா!

பொன்னமராவதி, மகளிர் குழு உறுப்பினர்: அந்த ஒன்பது கருப்பொருள்கள் எவை? எங்கள் குழுவின் கோரிக்கையைத் திட்டத்தில் சேர்ப்பது எப்படி?

வறுமையற்ற ஊர், ஆரோக்கியமான ஊர், குழந்தைகள் நேய ஊர், நீர்வளம் நிறைந்த ஊர், தூய்மையும் பசுமையும் கொண்ட ஊர், கட்டமைப்பில் தன்னிறைவு பெற்ற ஊர், சமூக நீதியுள்ள ஊர், நல்லாட்சி நடக்கும் ஊர், மகளிர் நேய ஊர் என்பவை அவை. ஐக்கிய நாடுகள் சபையின் 17 வளங்குன்றா வளர்ச்சி இலக்குகளை ஊராட்சி அளவுக்குச் சுருக்கி வகுத்தவை. ஆண்டுதோறும் தயாரிக்கும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் இவற்றுள் சிலவற்றை முன்னிறுத்தி எழுதப்பட வேண்டும்.

உங்களுக்கு ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. சுய உதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு தயாரிக்கும் கிராம வறுமை குறைப்புத் திட்டத்தை ஊராட்சித் திட்டத்தோடு இணைக்க வேண்டும் என்பது விதி. பல ஊர்களில் அதைக் கூட்டமைப்பின் ஓரிருவர் மட்டும் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் குழுக் கூட்டத்திலேயே அதைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு கிராம சபையில் அதைத் தீர்மானமாக முன்மொழியுங்கள். தமிழகத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்களில் கிராம சபை கூட வேண்டும். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்தால்தான் கூட்டம் செல்லும். மகளிர் குழுக்கள் வராவிட்டால் பெரும்பாலான ஊர்களில் இந்த எண்ணிக்கை நிரம்பாது. உங்கள் பலம் அதுதான்.

கோரிக்கையை எழுதும்போது ‘சுகாதாரத்தை மேம்படுத்த வேண்டும்’ என்று எழுதாதீர்கள். ‘துணைச் சுகாதார நிலையத்துக்குத் தண்ணீர் இணைப்பு வேண்டும், செவிலியர் வரும் நாட்கள் சுவரில் எழுதப்பட வேண்டும்’ என்று எழுதுங்கள். 15-ஆவது நிதிக் குழு 2021 முதல் 2026 மார்ச் வரை வழங்கிய மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே கட்டப்பட்டிருந்தது. மீதி 40 மட்டுமே ஊராட்சி விருப்பப்படி செலவிடத்தக்கது. எந்தக் கோரிக்கைக்கு எந்தப் பணம் என்பதையும் சேர்த்தே கேட்டால் ‘நிதி இல்லை’ என்ற பதில் எளிதில் வராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியுடன் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. அரசமைப்புச் சட்டத்தின்படி மாவட்டத் திட்டக் குழு உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். ஊராட்சித் தேர்தல் தள்ளிப்போகும் காலத்தில் அந்தக் குழுவில் கிராமத்தின் குரல் எங்கிருந்து வரும்? மாவட்டத்தின் பொது இலக்கு பற்றி எவ்வளவு பேசினாலும், அதை வகுக்கும் இருக்கைகள் காலியாக இருப்பதை எந்தப் பலகையும் காட்டுவதில்லை.

திருமயம் வாசகி: எந்த இலக்குப் பட்டியலிலும் மது பற்றிப் பேச்சே இல்லை. எங்கள் வீடுகளின் நலத்தைக் கெடுப்பது அதுதானே?

உண்மை. முன்னேற விழையும் மாவட்டங்களுக்கான 49 குறியீடுகளில் மது இல்லை. மது விற்பனை அரசுக்கு வருவாய் தரும் மாநிலத்தில் அது மாவட்ட இலக்காக மேலிருந்து வரும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் பட்டியலில் இல்லாதது நடந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இதே எழுத்தறிவு இயக்கத்தின் வகுப்புகளில் கூடிய பெண்கள், 1992-இல் தூபகுண்டா என்ற ஊரில் சாராயக் கடையை எதிர்த்துத் திரண்டார்கள். அது மாவட்டம் முழுவதும் பரவி, 1993-இல் அம்மாநிலத்தில் சாராய விற்பனை தடை செய்யப்பட்டது. அங்கே அரசின் இலக்கு எழுத்தறிவு; பெண்கள் தாமே வகுத்துக்கொண்ட இலக்கு வேறு.

திருச்சி மாணவர்: பூட்டான் போல நாமும் மகிழ்ச்சியை அளக்கலாமே?

பூட்டானின் குறியீட்டில் ஒன்பது துறைகள், 33 குறியீடுகள் உள்ளன. தூக்கம், வேலை நேரம், அண்டை வீட்டாரோடு உள்ள உறவு ஆகியவையும் அவற்றுள் அடங்கும். வேல்ஸ் நாடு 2015-இல் எதிர்காலத் தலைமுறைகளின் நலனுக்கென ஒரு சட்டமே இயற்றி ஏழு நல இலக்குகளை வகுத்தது. பரந்த கிராமப்புறப் பகுதியான பாவிஸ் உட்பட அங்குள்ள உள்ளூர்ப் பகுதிகளில் பொது அமைப்புகள் சேர்ந்து நலத் திட்டம் வெளியிட வேண்டும் என்பது கட்டாயம். இரண்டிலிருந்தும் கற்கலாம். ஆயினும் அங்கன்வாடியின் எடைபார்க்கும் கருவி சரியாக வேலை செய்கிறதா என்பதையே இன்னும் உறுதிசெய்யாத நாம், மகிழ்ச்சியை அளப்பதற்குச் சற்றுப் பொறுக்கலாம்.

மணமேல்குடி வாசகர்: எங்கள் ஊராட்சியின் திட்ட நகலை எங்கே பெறுவது?

ஒன்றிய அரசின் ‘இ-கிராம் ஸ்வராஜ்’ இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் ஆண்டுவாரியாகக் கிடைக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் வேண்டுமெனில் ஊராட்சிச் செயலரிடம் தீர்மானப் பதிவேட்டைக் காட்டச் சொல்லலாம். மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தில் ‘திட்ட நகல்’ என்று மட்டும் எழுதாமல், எந்த ஆண்டு, எந்தத் தேதியில் நடந்த கிராம சபையின் தீர்மானம் என்பதையும் குறிப்பிடுங்கள்.