முகத்தில் சூடு பரவினால் புற்றுக்கட்டி என்று பொருளா?

முகத்தில் ஏறும் சூடு கார்சினாய்டு என்ற, பெரும்பாலும் குடலில் வளரும் ஒருவகைப் புற்றுக்கட்டியின் அறிகுறியோ என்று அஞ்சி எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அந்தக் கட்டி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வயது 48, சில மாதங்களாகத் தள்ளித் தள்ளி வரும் மாதவிடாய், நெஞ்சிலிருந்து கிளம்பி முகத்துக்கு ஏறும் சூடு, உடை நனையும் அளவுக்கு வியர்வை, அது அடங்கியதும் லேசான குளிர் என நீங்கள் எழுதியிருப்பவை அனைத்தும் மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஏராளமான பெண்கள் அனுபவிப்பவைதான். முடி கொட்டுவதையும் மறதியையும் மூட்டு வலியையும் இந்தக் கட்டியோடு முடிச்சுப் போட வேண்டாம்.

உண்மையில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருப்பது அந்த இரத்தப் பரிசோதனை அறிக்கை. இணையத்தில் படித்துவிட்டு, எந்த மருத்துவரையும் கேட்காமல், இத்தகைய கட்டிகள் இரத்தத்தில் விடும் குரோமோகிரானின் ஏ என்ற புரதத்தை அளக்கும் பரிசோதனையைச் செய்துகொண்டீர்கள். அளவு இயல்பைப் போல இரு மடங்கு என்று வந்திருக்கிறது. நெஞ்செரிச்சலுக்காக ஓராண்டாகத் தினமும் பேன்டோப்ரசோல் மாத்திரையை நீங்களாகவே வாங்கிச் சாப்பிட்டு வருவதையும் கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நான் முதலில் பார்த்திருக்க வேண்டிய வரி அதுதான். இவ்வகை மாத்திரைகள் இரைப்பையில் அமிலத்தைக் குறைக்கும்போது, அதை ஈடுகட்ட உடல் காஸ்ட்ரின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கிறது. அது இரைப்பைச் சுவரிலுள்ள சில செல்களைத் தூண்ட, அவை குரோமோகிரானினை இரத்தத்தில் கொட்டுகின்றன. கட்டியே இல்லாதவருக்கும் அறிக்கையில் எண் ஏறிவிடும். இந்த மாத்திரையைக் குறைந்தது 2 வாரமாவது நிறுத்திய பிறகு எடுக்காத குரோமோகிரானின் அளவை வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது. நோயைத் தேடிக் கண்டுபிடிக்க ஏற்ற பரிசோதனையும் அதுவன்று.

கார்சினாய்டு பெரும்பாலும் சிறுகுடலில் மெதுவாக வளரும் கட்டி. அது சுரக்கும் செரட்டோனின் முதலிய பொருட்கள் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குச் செல்கின்றன; கல்லீரல் அவற்றைச் செயலிழக்கச் செய்துவிடுவதால், பொதுவாகக் கட்டி கல்லீரலுக்குப் பரவிய பின்னரே முகம் சிவக்கத் தொடங்குகிறது. அந்தச் சிவப்பில் பொதுவாக வியர்வை இருக்காது. திடீரென முகம், கழுத்து, மேல்மார்பு ஆகிய இடங்களில் பரவி, சில நிமிடங்களில் மறையும். மது அருந்தினாலோ மனம் பதறினாலோ கிளம்பலாம். கருமையான தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் சூடாக மட்டும் உணரப்படலாம் என்பதால், நிறத்தைவிட வியர்வை இருக்கிறதா இல்லையா என்று கவனிப்பது பயனுள்ளது.

நீங்கள் கண்காணிக்க வேண்டிய அறிகுறி முகத்தில் இல்லை, வயிற்றில் இருக்கிறது. வியர்வையில்லாத சிவப்போடு சேர்ந்து, வாரக்கணக்கில் தண்ணீராகப் பலமுறை மலம் போவதும், சாப்பிடாமல் இருந்தாலும் அது நிற்காமல், இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுவதும் அலட்சியப்படுத்தக் கூடாதவை. அப்போது வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் வாங்கி விழுங்கி அதை மறைத்துவிடாதீர்கள். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். மூச்சில் விசில் போன்ற இரைப்பு சேர்ந்தாலோ, கால்கள் வீங்கினாலோ தாமதம் இன்னும் கெடுதல், ஏனெனில் இந்நோய் இதயத்தின் வலப்பக்க வால்வுகளைத் தடித்து இறுகச் செய்யக்கூடியது.

அத்தகைய நிலையில் மருத்துவர் பொதுவாக முதலில் கேட்பது, 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து, செரட்டோனின் சிதைந்து உண்டாகும் பொருளை அளக்கும் பரிசோதனை. அதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே வாழைப்பழம், அன்னாசி, வால்நட் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வார். இல்லாவிட்டால் அந்த முடிவும் பொய்யாக உயரும். நோய் உறுதியானாலும் செய்வதற்கு நிறைய இருக்கிறது. நீண்ட நாள் செயல்படும் ஆக்ட்ரியோடைடு அல்லது லான்ரியோடைடு ஊசியை 4 வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டு, சிவப்பும் வயிற்றுப்போக்கும் கட்டுக்குள் இருக்கப் பல ஆண்டுகள் வாழ்பவர்கள் உண்டு.

உங்களுக்கு மலம் வழக்கம்போலத் தினமும் ஒருமுறைதான் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இன்னொரு ஆய்வகத்துக்கு ஓடாமல், மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள். இந்தச் சூட்டைத் தணிக்க ஹார்மோன் கலந்ததும் கலக்காததுமாக நல்ல மருந்துகள் இருக்கின்றன, எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை அவர் முடிவு செய்யட்டும். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் போன்ற மாத்திரை எதையேனும் எடுத்துக்கொண்டால் அதையும் சொல்லுங்கள், அதனாலும் முகம் சிவக்கலாம். பேன்டோப்ரசோல் உங்களுக்கு இன்னும் தேவைதானா என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.