வாசகர் கேள்வி–பதில்: முன்னே வந்தவரும் பின்னே வருபவரும்

இம்மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை பிரிட்டனில் வாழும் நம்மவர்களும், பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டு ஊரிலிருந்து செய்தி பார்க்கும் பெற்றோரும் எழுதியவை. லண்டனில் முப்பது ஆண்டுகளாக வசிப்பவன் என்பதால் அவற்றை என்னிடம் அனுப்பிவைத்தார் ஆசிரியர்.

கேள்வி: 2022-இல் திறன் பணியாளர் விசாவில் குடும்பத்தோடு வந்தேன். ஐந்து ஆண்டில் நிரந்தரக் குடியிருப்பு உரிமை என்று நம்பித்தான் வந்தோம். இப்போது பத்து ஆண்டு என்கிறார்கள். ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்கும் இதைப் பொருத்துவது நியாயமா? (மில்டன் கீன்ஸ் வாசகர்)

நியாயமில்லை என்பதே என் கருத்து. 2025 மே 12 அன்று வெளியான வெள்ளை அறிக்கையில் தொடங்கிய பேச்சு, நவம்பர் 20 அன்று விரிவான திட்டமாக வந்தது. அதன்படி பொதுவான காத்திருப்பு 10 ஆண்டு. ஆண்டுக்கு 50,270 பவுண்டுக்கு மேல் சம்பாதிப்பவருக்கு 5 ஆண்டும், 1,25,140 பவுண்டைத் தாண்டியவருக்கு 7 ஆண்டும் குறையும். பட்டப்படிப்புத் தகுதிக்குக் கீழான வேலை என்று அரசு வகைப்படுத்தியவற்றில் இருப்பவருக்கு 15 ஆண்டு. அரசு உதவித்தொகை வாங்கியிருந்தால் இன்னும் 5 அல்லது 10 ஆண்டு கூடும். குடியிருப்பு உரிமை இன்னும் கிடைக்காதவர்கள் முன்பே வந்திருந்தாலும் இதற்குள் அடங்க வேண்டும் என்பதே திட்டத்தின் நோக்கம். காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் வளர்ந்தவர் ஒருவருக்கு 1,035 பவுண்டு மருத்துவக் கூடுதல் கட்டணம் உண்டு. ஆகவே இது பொறுமையை மட்டும் சோதிக்கும் செய்தியன்று, வீட்டுக் கணக்கையே புரட்டிப்போடும் செய்தி.

இது முதன்முறையும் அன்று. நாங்கள் வேலை அனுமதிச் சீட்டோடு வந்த காலத்தில் காத்திருப்பு நான்கு ஆண்டுதான். 2006 ஏப்ரலில் அதை ஐந்தாக்கி, மூன்றரை ஆண்டு முடித்திருந்தவர்களையும் அதே கணக்கில் சேர்த்தார்கள். உயர்திறன் குடியேறிகள் திட்டத்தில் வந்தவர்கள், பெரும்பாலும் இந்தியர்கள், ஒன்றுகூடி வழக்குப் போட்டு 2008-இலும் 2009-இலும் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். அந்தத் திட்டத்தின் விளக்கக் குறிப்புகளிலேயே அரசு கொடுத்திருந்த வாக்கை மீற முடியாது என்பது தீர்ப்பின் சாரம். உங்கள் விசாவோடு அப்படியொரு வாக்கு எழுத்தில் தரப்பட்டதா என்பதைப் பொறுத்தே அந்தத் தீர்ப்பு உங்களுக்குத் துணை நிற்கும். ஆகவே அதை நம்பியே உட்கார்ந்திருக்க வேண்டாம்.

உங்களைவிட மோசமான நிலையில் இருப்பவர்கள் முதியோர் பராமரிப்பு வேலைக்கு வந்தவர்கள். ஆள் பற்றாக்குறை என்று 2022 பிப்ரவரியில் திறந்த கதவு அது. 2024 மார்ச் 11 முதல் குடும்பத்தை அழைத்துவரக் கூடாது என்றார்கள். 2025 ஜூலை 22-இல் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்தினார்கள். எனக்குத் தெரிந்த நாமக்கல் பக்கத்துப் பெண் ஒருவர் நகைகளை விற்று முகவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். வாரம் 39 மணி நேர வேலை என்று ஒப்பந்தத்தில் இருந்தது. கிடைத்தது 12 மணி நேரம். முறையிடலாம் என்றால், வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க நிறுவனத்துக்கு அரசு தரும் ஸ்பான்சர் உரிமம் பறிபோனால் புது வேலை தேட இவருக்கு 60 நாள்தான். யாரிடம் போய் முறையிடுவார்? பதினைந்து ஆண்டு என்பது இவரைப் போன்றவர்கள் தலையில்தான் விடியப்போகிறது.

கேள்வி: எங்கள் சங்கத்தில் எழுபதைக் கடந்த பெரியவர்களே "வந்தவரை போதும், இனி யாரையும் விடக் கூடாது" என்கிறார்கள். தாமும் விமானத்தில் வந்து இறங்கியவர்கள்தானே? இது என்ன மனநிலை? (குராய்டன் வாசகி)

சென்ற தைப்பூசத்தன்று ஒரு கோயிலில் அன்னதான வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர், மாணவர் விசாவில் வந்து இந்த நாட்டைக் கெடுப்பவர்களைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டே தட்டை நீட்டினார். அதில் சாம்பார் ஊற்றிய பையன் அதே மாணவர் விசாக்காரன். அவன் "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா, அங்கிள்?" என்று கேட்டான். அவரும் ஊற்றிக்கொண்டார்.

இந்த மனநிலை சங்கத்தோடு நிற்பதில்லை. உள்துறை அமைச்சராக இருந்த பிரீத்தி பட்டேலின் பெற்றோர் உகாண்டாவிலிருந்து வந்தவர்கள். தாம் கொண்டுவரும் விதிகள் அன்றே இருந்திருந்தால் தம் பெற்றோர் வந்திருக்க முடியாமல் போயிருக்கலாம் என்று 2020-இல் வானொலிப் பேட்டியில் அவரே ஒப்புக்கொண்டார். அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த சுவெல்லா பிரேவர்மனின் தாய் மொரிஷியஸ் தமிழர். செவிலியராக இங்கே வந்தவர். விசாக் காலம் முடிந்தும் தங்கிவிடுபவர்களில் இந்தியர்களே அதிகம் என்று 2022-இல் பேசி, அப்போது நடந்துகொண்டிருந்த வணிக ஒப்பந்தப் பேச்சுக்கே சங்கடம் உண்டாக்கியவர் அவர். மேலே சொன்ன பத்தாண்டுத் திட்டத்தை உள்துறை அமைச்சராகக் கொண்டுவந்த ஷபானா மஹ்மூதின் வேர் காஷ்மீரின் மீர்ப்பூரில் இருக்கிறது.

பெரியவர்கள் பக்கமும் ஒரு வலி உண்டு என்பதை மறுக்கவில்லை. 1972-இல் உகாண்டா அதிபர் இடி அமீன் நாட்டை விட்டு வெளியேற ஆசியர்களுக்குத் தொண்ணூறு நாள் கெடு கொடுத்தபோது, இங்கிலாந்தின் லெஸ்டர் நகர மன்றம் உகாண்டா நாளிதழில் விளம்பரம் கொடுத்தது. லெஸ்டருக்கு வராதிருப்பதே உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும் நல்லது என்பது அதன் பொருள். அதைப் படித்த பிறகும் வந்து, கடை வைத்து, அந்நகரின் முகத்தையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள். அத்தனை அவமானத்தைக் கடந்து "நல்ல குடியேறி" என்று பெயர் எடுத்த ஒருவருக்கு, நேற்று வந்தவரோடு தம்மையும் சேர்த்து எண்ணிவிடுவார்களோ என்ற அச்சம் இருக்கும். அச்சம் புரிகிறது. ஆனால் தெருவில் வசை பாடுபவன் முதலில் விசாவை வாங்கிப் பார்த்துவிட்டு வசை பாடுவதில்லை என்பதை இவர்கள் ஏன் மறந்துபோகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கேள்வி: மகள் மான்செஸ்டரில் படிக்கிறாள். விளக்குக் கம்பமெல்லாம் கொடி கட்டுகிறார்கள், கலவரம் நடக்கிறது என்று தொலைக்காட்சியில் பார்க்கிறேன். இரவில் தூக்கம் வரவில்லை. (திருநெல்வேலி வாசகி)

அம்மா, 2025 ஆகஸ்டு முதல் பல ஊர்களில் தேசியக் கொடிகள் ஏறியது உண்மை. எங்கள் தெரு முனையிலும் ஒன்று, பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டியது, மழையில் நனைந்து சாயம் போய்த் தொங்குகிறது. கட்டியவர்களில் நாட்டுப்பற்றால் கட்டியவரும் உண்டு, நம்மைப் பார்த்துக் கட்டியவரும் உண்டு. கொடியைப் பார்த்து எவர் எவ்வகை என்று சொல்ல முடியாது என்பதுதான் அதன் தொல்லை.

கலவரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 2024 ஜூலை 29 அன்று சவுத்போர்ட்டில் மூன்று சிறுமியர் குத்திக் கொல்லப்பட்டனர். கொலையாளி படகில் வந்த அகதி என்ற பொய் ஒரே நாளில் நாடெங்கும் பரவியது. உண்மையில் அவன் பிரிட்டனிலேயே, கார்டிஃபில் பிறந்தவன். அதற்குள் பள்ளிவாசல்களும், ராதரம் போன்ற ஊர்களில் புகலிடம் கோரியவர்கள் தங்கியிருந்த விடுதிகளும் தாக்கப்பட்டன. ஆகஸ்டு 7 அன்று மறுபடி கலவரம் வரும் என்று கடைகளெல்லாம் பலகை அடித்து மூடிய மாலையில், லண்டனின் வால்தம்ஸ்டோவில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கி எதிர்த்து நின்றார்கள், கலவரக்காரர்கள் வரவில்லை. உங்கள் தொலைக்காட்சியில் முதல் பாதிதான் திரும்பத் திரும்ப ஓடியிருக்கும்.

தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்ற பொய்க் காணொலிகள் 2023 மார்ச்சில் பரவின. திருப்பூரில் வேலை செய்த பிள்ளைகளை நினைத்துப் பீகாரில் எத்தனையோ தாய்மார் தூக்கமில்லாமல் இருந்திருப்பார்கள். அன்று அவர்களுக்கு நாம் என்ன சொல்லியிருப்போமோ அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்கிறேன்: கைப்பேசியில் வரும் காணொலியை விட்டுவிட்டு மகளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். இரவில் தனியாக நெடுந்தூரம் நடக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை எந்த ஊருக்கும் பொருந்தும்.

கேள்வி: இந்திய வம்சாவளியினர் பிரதமரே ஆகிவிட்டாரே, அப்புறமுமா இனவெறி என்று அழுகிறீர்கள்? (சென்னை வாசகர்)

2022 அக்டோபர் 25 அன்று ரிஷி சுனக் பதவியேற்றார். அவருக்கு விலாசம் மாறியது. முதுகலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்துவரத் தடை, விசாவுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 26,200 பவுண்டிலிருந்து 38,700 பவுண்டுக்கு ஏறியது, இரண்டும் நடந்தது அவர் ஆட்சியில்தான்.

கேள்வி: இங்கிலாந்தில் சாதிப் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் தேவையா? கடல் கடந்த பிறகும் சாதி இருக்கிறது என்று சொல்வது நம்மை நாமே இழிவுபடுத்துவதல்லவா? (ரெடிங் வாசகர்)

அண்மையில் ஒரு வரன் படிவம் என் கைக்கு வந்தது. பிறந்த ஊர் லண்டனின் லூயிஷம்; படிப்பு, வேலை, சம்பளம் எல்லாம் பவுண்டில்; பெண்ணுக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுதப் படிக்க வராது என்ற குறிப்பு. அதன்கீழ், தடித்த எழுத்தில், சாதியும் உட்பிரிவும். எழுத்து மறந்துபோன வீட்டிலும் உட்பிரிவு மறக்கவில்லை. இழிவு அதைச் சுட்டிக்காட்டுவதில் இருக்கிறதா, எழுதியதில் இருக்கிறதா?

சட்டத்தின் கதை நீண்டது. 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க அமைச்சருக்கு அதிகாரம் மட்டும் தரப்பட்டது. 2013-இல் நாடாளுமன்றம் அதைக் கட்டாயக் கடமையாக மாற்றியது. அரசோ கருத்துக் கேட்கிறோம் என்று இழுத்து, 2018 ஜூலையில், தனிச் சட்டம் வேண்டாம், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று முடித்துக்கொண்டது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது ஒரு பணிப்பெண்ணின் வழக்கு. பீகாரின் ஆதிவாசிச் சமூகத்தைச் சேர்ந்த அவரை இங்குள்ள இந்தியக் குடும்பம் ஒன்று மணிக்கு 11 பென்ஸ் என்ற கணக்கில் நாலரை ஆண்டு வேலை வாங்கியது. 2015-இல் தீர்ப்பாயம் அவருக்கு ஏறத்தாழ 1,84,000 பவுண்டு கொடுக்க உத்தரவிட்டது. இன வம்சாவளி என்ற சொல்லுக்குள் சாதியும் அடங்கலாம் என்ற விளக்கம் அந்த வழக்கின் மேல்முறையீட்டில் வந்ததுதான். அடங்கலாம் என்பதால், ஒவ்வொருவரும் முதலில் "அடங்கும்" என்று வாதாடி நிலைநாட்ட வேண்டியிருக்கிறது. நிறவெறிக்கு எதிரான சட்டம் வேண்டும் என்று ஊர்வலம் போன நாம், இந்த ஒரு சட்டம் மட்டும் வேண்டாம் என்று மனுப் போடுவது எனக்கு ஒப்பவில்லை. சட்டம் தேவை.

கேள்வி: நான் ஈழத் தமிழன். பிரிட்டன் எனக்குக் குடியுரிமை தந்தது. என் சித்தியின் குடும்பம் 1990 முதல் தமிழ்நாட்டு முகாமில் இருக்கிறது, இன்றும் குடியுரிமை இல்லை. இந்தியத் தமிழர்கள் பிரிட்டனை மட்டும் குறை சொல்கிறீர்களே? (வெம்பிளி வாசகர்)

உங்கள் கோபம் சரியானது. இந்தியாவில் ஒரு வெளிநாட்டவர் முறையாகக் குடியுரிமை கேட்கவே பன்னிரண்டு ஆண்டு அங்கே வசித்திருக்க வேண்டும். சட்டவிரோதக் குடியேறி என்று குறிக்கப்பட்டவருக்கு அந்த வழியும் இல்லை. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. இலங்கை அதில் இல்லை. அகதி முகாமை 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியிருக்கிறோம். பத்து ஆண்டா என்று துடிக்கும் மில்டன் கீன்ஸ் நண்பர் உங்கள் கடிதத்தை ஒருமுறை படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அதனால் அவருடைய குறை பொய்யாகிவிடாது.

கேள்வி: மாணவர் விசாவில் இருக்கும் எனக்கு இங்கே வாக்குரிமை உண்டு என்கிறார் அறைத்தோழர். விளையாடுகிறாரா? (கோவென்ட்ரி வாசகர்)

விளையாடவில்லை. காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் என்ற முறையில் நாடாளுமன்றத் தேர்தல் வரை எல்லாவற்றிலும் நீங்கள் வாக்களிக்கலாம். பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும், சாவடிக்கு இந்தியப் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோனால் அடையாளத்துக்குப் போதும். ஊரில் வாக்களிக்க வேண்டுமானால் படிவம் 6ஏ-வில் பதிந்துகொண்டு, அந்த நாளில் விமானம் ஏறி உங்கள் சாவடிக்கே நேரில் போக வேண்டும். ஆகவே இந்தியத் தேர்தலைப் பற்றி இரவெல்லாம் வாதாடும் உங்கள் அறைத்தோழர்கள், நடந்து போகும் தூரத்தில் இருக்கும் வாக்குச்சாவடியை ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும்.

கேள்வி: ஓய்வுக்குப் பின் தஞ்சாவூருக்கே திரும்பிவிட எண்ணுகிறோம். பிரிட்டன் அரசு ஓய்வூதியம் அங்கே வருமா? (ஈஸ்ட் ஹாம் தம்பதியர்)

வரும், ஆனால் ஏறாது. இந்தியாவில் வசிப்பவரின் ஓய்வூதியம், குடிபெயர்ந்த நாளின் தொகையிலேயே உறைந்துவிடும். 2016 ஏப்ரலில் புதிய முழு ஓய்வூதியம் வாரத்துக்கு 155.65 பவுண்டு, 2025–26-இல் அது 230.25 பவுண்டு. 2016-இலேயே ஊர் திரும்பி அங்கே வாங்கத் தொடங்கியவருக்கு இன்றும் அதே 155.65 பவுண்டுதான். அமெரிக்காவுக்கோ பிலிப்பைன்சுக்கோ போயிருந்தால் ஆண்டுதோறும் உயர்ந்திருக்கும். கனடாவும் ஆஸ்திரேலியாவும் நம்மைப் போலவே உறைந்த பட்டியலில் இருப்பதால் இதில் நிறம் பார்க்கிறார்கள் என்று சொல்ல முடியாது. மீண்டும் பிரிட்டனுக்கே குடிவந்தால் அன்றைய முழுத் தொகை கிடைக்கும். கிழக்கு லண்டன் வீட்டை விற்பதற்கு முன் இந்தக் கணக்கை இருபது ஆண்டுக்குப் போட்டுப் பாருங்கள்.