ஒரு வரிசை தள்ளிப்போனால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

18 ஆண்டுகளாக வங்கி மென்பொருளில் இருக்கிறேன். ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தில் கிளினிக்கல் ஆராய்ச்சிக்கான ஐ.டி. பிரிவுக்குத் தலைமை ஏற்க அழைக்கிறார்கள். சம்பளம் குறைவு. “டாக்டர்களுக்கு எக்செல் ஷீட் போட்டுக் கொடுக்கிற வேலை” என்று மைத்துனர் சிரிக்கிறார். உண்மையில் இதில் செய்ய என்ன இருக்கிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எக்செல் என்றதும் எனக்கு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம்தான் நினைவுக்கு வருகிறது. புற்றுக்கட்டியின் மரபணுச் செயல்பாட்டைப் பார்த்தே எந்தக் கீமோ மருந்து கேட்கும் என்று சொல்லிவிடலாம் என 2006இல் அங்கிருந்து ஒரு கட்டுரை வந்தது. மறு வருடமே அதை நம்பி நோயாளிகளுக்கு மருந்து தேர்ந்தெடுக்கும் சோதனைகளைத் தொடங்கிவிட்டார்கள். ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் புள்ளிவிவர ஆய்வாளர்கள் கீத் பாக்கர்லியும் கெவின் கூம்ப்ஸும் அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். அதே விடை வரவில்லை. மரபணுப் பட்டியல் ஒரு வரிசை தள்ளியிருந்தது; ஒரு மரபணுவின் இடத்தில் பக்கத்து மரபணுவின் பெயர். அதைவிட மோசம், சில இடங்களில் ‘மருந்து கேட்கும்’, ‘கேட்காது’ என்ற குறிகளே தலைகீழாக இருந்தன. 2009இல் இதைப் பிரசுரித்தார்கள். அப்போதும் சோதனைகள் நின்று, மறுபடி தொடங்கி, 2010இல்தான் முற்றாக நின்றன. வெறும் கைப்பிழை மட்டுமல்ல, தரவிலேயே பொய் இருந்தது என்று 2015இல் அமெரிக்க அரசு அமைப்பு முடிவு சொன்னது.

வங்கியில் ஒரு ரூபாய் இடம் மாறினால் அன்றிரவே டேலி ஆகாது. ஆகாவிட்டால் காலையில் கவுண்டரில் கத்த ஆள் வந்துவிடுவார். இங்கே கத்த வேண்டியவருக்குத் தனக்குத் தப்பான மருந்து ஏறுகிறது என்பதே தெரியாது. அவருக்காகக் கத்த வேண்டியது உங்கள் சிஸ்டம்.

எக்செல் பற்றி ஒன்று. மார்ச்1, செப்ட்1 என்ற மரபணுப் பெயர்களை அது தானாகவே தேதியாக மாற்றிக்கொண்டிருந்தது. இந்தத் தொல்லையால் 2020இல் அந்த மரபணுக்களுக்கே வேறு பெயர் சூட்டினார்கள்!

ஆனாலும் டாக்டர்கள் எக்செல்லுக்கு ஓடுவதைச் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். கம்ப்யூட்டர் பிரிவிடம் தரவு பதிய ஒரு படிவம் கேட்டால் வர எத்தனை மாதம் ஆகும்? வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பால் ஹாரிஸ் குழு 2004இல் தொடங்கிய ரெட்கேப் என்ற ஆய்வுத் தரவு மென்பொருள் பிடித்துக்கொண்டது இதனால்தான். ஆய்வாளரே தன் படிவத்தைச் செய்துகொள்ளலாம். ஆனால் ரத்த அழுத்தம் 140 என்பதை 130 ஆக்கினால் யார், எப்போது மாற்றினார் என்பது பதிவாகிவிடும். லாப நோக்கற்ற நிறுவனங்களுக்கு இலவசம். உங்களுக்கும் முதல் நாளே அது போதும். புதிதாக எழுதி வீரம் காட்ட வேண்டாம்.

மென்பொருள் சுலபமான பாதி. “என் பேஷண்ட், என் டேட்டா” என்று மடியில் கட்டி வைத்திருக்கும் பேராசிரியர்தான் மீதிப் பாதி. டியூக்கில் அந்த ஆய்வகத்திலேயே இருந்த ஒரு மருத்துவ மாணவர் 2008இலேயே சந்தேகத்தை எழுதிக் கொடுத்தார். மேலே கொண்டுபோகாதபடி பேசி நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே சம்பளம் பேசும் முன் ஒன்று கேளுங்கள்: பெரிய பேராசிரியர் ஒருவரின் எண்கள் ஒத்துவரவில்லை என்று என் ஆள் எழுதினால், அந்தக் கடிதம் யார் மேஜைக்குப் போகும்? கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாகப் பதில் வந்தால் வங்கியிலேயே இருங்கள்.