வெறும் துணிதானே: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் பிறந்தவள். கல்யாணம் முடிந்து பாறசாலைப் பக்கம் வந்து பதினொரு வருடமாகிறது. வீட்டில் இருந்தே பிளவுஸ், சுடிதார் தைக்கிறேன். போன வருடம் மிச்சமான வெட்டுத்துணிகளைச் சேர்த்து என் மகளுக்கு ஈஸ்டருக்கு ஒரு துணிக்கூடை தைத்துக் கொடுத்தேன். சபையில் எல்லாருக்கும் பிடித்துப்போய், இந்த வருடம் சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு 40 கூடை கேட்டிருக்கிறார்கள்.

கூடை நிமிர்ந்து நிற்க மாட்டேன் என்கிறது. முட்டையும் மிட்டாயும் வைத்தால் வாய் சரிந்துவிடுகிறது. சேலைப் பெட்டி அட்டையை வெட்டி உள்ளே வைத்தேன், அதுவும் சரியாக வரவில்லை. கைப்பிடியும் பிய்ந்துவிடுகிறது. இதற்கு என்ன செய்யலாம்? ஈஸ்டர் கூடையும் முயலும் வெள்ளைக்காரன் பழக்கம், வேதத்தில் இல்லை என்று சபையில் சிலர் சொல்கிறார்கள். அதையும் கொஞ்சம் விளக்குங்கள்.

ஒரு கூடைக்கு உள்துணி, நூல், லேஸ், ரிப்பன் எல்லாம் சேர்த்து 60 ரூபாய் ஆகிறது. தைக்க இரண்டரை மணி நேரம். 80 ரூபாய் தருகிறோம், ஊழியமாக நினைத்துச் செய் என்கிறார்கள். வெறும் துணிதானே அக்கா, நானும் சும்மா இருக்கும் நேரத்தில்தான் தைக்கிறேன். கூடுதலாகக் கேட்க வாய் வரவில்லை. என் பெயர் போட வேண்டாம்.

*

மக்களே,

அக்கா என்று எழுதியிருக்கிறாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன். இரண்டு வாரமாக என் பெரியம்மையின் (பெரியம்மாவின்) நினைவாகவே இருந்தேன். அந்த நேரம் பார்த்து உன் கடிதம் வந்தது. ஏன் அவர் நினைவு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கூடை நிற்காத விஷயம். பிளவுஸ் வெட்டில் மிஞ்சுவது பெரும்பாலும் டூ பை டூ ரூபியா. உடம்போடு ஒட்டிக் கிடப்பதற்கு நெய்த மெல்லிய துணி அது. இரண்டு மடிப்பு வைத்தாலும் நிற்காது. சட்டைக் காலருக்கு வைக்கிற ஒட்டுக் கேன்வாஸ் வாங்கி, வெளித்துணியின் உட்புறத்தில் இஸ்திரி போட்டு ஒட்டிவிட்டு அப்புறம் தை. லேஸையும் ரிப்பனையும் விட்டுவிட்டால் அந்தக் காசில் கேன்வாஸ் வந்துவிடும். ஒட்டுவதற்கு முன் துணியை நனைத்துக் காயவைத்துக்கொள். பருத்தி முதல் தண்ணீரில் சுருங்கும். நனைக்காமல் ஒட்டினால், பிறகு துவைக்கும்போது துணி சுருங்கி, கேன்வாஸ் சுருங்காமல், மேலே கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கும். தையலுக்கு விடுகிற அரை இஞ்சில் கேன்வாஸ் வர வேண்டாம். வந்தால் மூலையெல்லாம் தடித்துவிடும், ஊசியும் உடையும்.

அளவு: 14 இஞ்ச் அகலம், 10 இஞ்ச் உயரத்தில் இரண்டு துண்டு வெட்டு. கீழ்ப்பக்க மூலைகளில் 3 இஞ்ச் சதுரம் வெட்டி எடுத்துவிடு. பக்கமும் அடியும் அரை இஞ்ச் விட்டுத் தைத்து, வெட்டின மூலையை விரித்துக் குறுக்கே ஒரு தையல் போட்டால் 7-க்கு 6 இஞ்ச் அடிப்பாகம், 6 இஞ்ச் உயரம் வரும். உள்துணியை இதே அளவில் வெட்டித் தைக்கும்போது ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்ச், உள்ளே தள்ளிப் பிடி. அப்போதுதான் உள்ளே தொளதொளவென்று கிடக்காது. உள்துணியின் அடியில் நாலு இஞ்ச் தைக்காமல் விட்டு, அதன் வழியாகப் புரட்டி எடுத்து, வாயைச் சுற்றி மேல்தையல் ஓட்டு. வாய் சரிகிறது என்றால் அந்த மேல்தையலுக்குள் ஒரு பருத்திக் கயிற்றை வைத்துத் தைத்துவிடு. நம் ஊர் ஓலைப்பெட்டியைக் கையில் எடுத்துப் பார். ஓலை எவ்வளவு மெலிசாக இருந்தாலும் விளிம்பைப் பனைநாரால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். பெட்டி நிமிர்ந்து நிற்பது அந்த விளிம்பால்தான்.

சேலைப் பெட்டி அட்டையை மட்டும் இனிமேல் தொடாதே. தண்ணீர் பட்டால் ஊறி நாறும். துவைக்க முடியாத துணிக்கூடையை ஒரு பிள்ளை எத்தனை நாள் வைத்திருக்கும்? சித்திரை முடிவதற்குள் குப்பையில் கிடக்கும்.

முயல் வேண்டுமா வேண்டாமா என்ற உன் சபைச் சண்டைக்கு நான் வரவில்லை. ஐரோப்பாவில் தவக்காலம் முழுக்க முட்டை தின்னாமல் இருந்தார்கள். குளிர் போய் பகல் நீளும்போது கோழி கூடுதலாக முட்டையிடும். சேர்ந்துபோன முட்டை பண்டிகை நாளில் பரிசாயிற்று. ஜெர்மன் குழந்தைகள் முட்டை கொண்டுவரும் முயலுக்குக் கூடு செய்து வைத்தார்கள், அங்கிருந்து பென்சில்வேனியாவில் குடியேறியவர்கள் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். போலந்தில் பெரிய சனிக்கிழமையன்று கூடையில் வெள்ளைத் துணி விரித்து முட்டை, ரொட்டி, உப்பு எல்லாம் வைத்துக் கோயிலில் மந்திரித்து வாங்குகிறார்கள். அவர்களுக்கு அது வசந்தம். நமக்குப் பங்குனி, சித்திரை. மாங்காயும் பலாச் சக்கையும் கொல்லாம்பழம் என்கிற முந்திரிப்பழமும் அக்கானி என்கிற பதநீரும் வருகிற காலம். இந்த வெயிலில் சாக்லேட் உருகிக் கூடையெல்லாம் ஒட்டும், கருப்பட்டி மிட்டாய் வை. விஷுவும் ஈஸ்டரும் நம் பக்கம் அடுத்தடுத்து வருகின்றன. 2022-ல் கேரளத்து விஷுவும் பெரிய வெள்ளியும் ஏப்ரல் 15 என்று ஒரே நாளில் வந்தன. பிள்ளை கூடையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கும் போகட்டும், போதும்.

சரி, இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

"வெறும் துணிதானே." இதை எங்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறாய் மக்களே? பாறசாலையில். உன் பிறந்த ஊரும் புகுந்த ஊரும் 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் இரண்டு மாநிலமாயின. அதற்கு முன் இரண்டும் திருவிதாங்கூர் மண். இந்த மண்ணில் உன் பாட்டியின் பாட்டிக்குச் சாதியின் பெயரால் தோளில் ஒரு துணி போட உரிமை கிடையாது. போட்டவர்களைச் சந்தையில் வைத்துப் பிடித்துக் கிழித்தார்கள். 1814-ல் இங்கே ஆங்கிலேய ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோ கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார். குப்பாயம் என்றால் என்ன? இரண்டு துண்டுத் துணியைச் சேர்த்துத் தைத்த தளர்ந்த சட்டை. நீ அரை மணி நேரத்தில் தைத்துவிடுவாய். அந்தச் சட்டைக்காக 1822-ல் கல்குளம், இரணியல் பக்கம் கலவரம். மறுபடி 1858-லும் 1859-லும் வீடுகளும் பள்ளிகளும் எரிந்தன. 1859 ஜூலை 26-ஆம் தேதி மன்னரின் அறிவிப்பு வந்தது. அதிலும், மேலாடை போடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. துணியை எப்படி மடிப்பது என்பதுவரை அரசாங்கம் கவலைப்பட்ட ஊர் இது. இங்கே இருந்துகொண்டு வெறும் துணி என்று எழுதலாமா?

அடுத்தது "சும்மா இருக்கும் நேரம்." நாகர்கோவிலில் 1820-களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகளில் அடிமைகளும் உண்டு. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல். அதற்கு முன்பே லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலைக்கு விலை கட்டிய பெண்கள் இருந்தார்கள். ஊசியும் நூலும் கொண்டு ஒரு பெண் தன்னையே மீட்டிருக்கிறாள். அந்த மரபில் வந்த உன் கைவேலைக்கு எத்தனை மதிப்பு என்று கேட்டால் சும்மா என்கிறாய்.

பெரியம்மை லேஸ் வேலை செய்தவர். திண்டு போல ஒரு தலையணை, அதில் குத்திய குண்டூசிகள், நூல் சுற்றிய மரக்கட்டைகள். ஒரு கை கட்டையை மாற்றும்போது இன்னொரு கை ஊசியை நகர்த்தும். கட்டைகள் ஒன்றோடொன்று தட்டுகிற சத்தம்தான் எங்கள் வீட்டு மதிய நேரத்தின் சத்தம். சமையல், மாடு, கிணறு எல்லாம் முடிந்து உட்கார்ந்தால் விளக்கு வைப்பதற்குள் நாலு விரல் அகலம் வளரும். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஆறு மாதம் உழைத்து ஒரு மேசைவிரிப்புக்குக் கரை முடித்தார். ஏஜெண்ட் வந்து விரித்துப் பார்த்தார். ஓரத்தில் குண்டூசித் துரு ஒரு புள்ளி, கடுகு அளவு. பாதிக் கூலியைப் பிடித்துக்கொண்டு மீதியை எண்ணி வைத்தார். நான் பெரியம்மையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் மீன்காரரிடம் நாலணாவுக்கு நாலு தெரு கேட்கச் சண்டை போடுகிறவர். ஆனால் அவர் காசை முந்தானையில் முடிந்துகொண்டு என்னைப் பார்த்து, "வெறும் நூல் வேலதானே, போட்டு" என்றார். போகட்டும் என்று அர்த்தம்.

அதே சொல் மக்களே. ஏஜெண்ட் அதைச் சொல்லவில்லை, அவருக்குச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. பெரியம்மை தானே சொல்லிக்கொண்டார். அவர் இறந்து இந்தப் பங்குனியோடு இருபது வருடம். கடைசிக் காலத்தில் ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை. ஆனாலும் நாலு விரல் அளவை இருட்டிலும் சரியாகக் காட்டுவார். எனக்கு ஏஜெண்ட் மேல் இருந்த கோபம் எப்போதோ போய்விட்டது. அந்தப் "போட்டு" மேல் இருக்கிற கோபம் போகவில்லை. அதனால்தான் உன்னிடம் இத்தனை காட்டமாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்.

இப்போது ஒரு தாளை எடு. 40 கூடை, கூடைக்கு இரண்டரை மணி: 100 மணி நேரம். 80-இல் 60 போனால் மிச்சம் 20. நாற்பதுக்கும் சேர்த்து 800 ரூபாய். 100 மணி நேரத்துக்கு 800 ரூபாய் என்றால் மணிக்கு 8 ரூபாய். ஒரு சாயா குடிக்கத் தேறுமா? உன் நேரத்துக்கு மணிக்கு 50 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு கூடை 185 ரூபாய். நாற்பதையும் ஒன்றாக வெட்டி, ஒன்றாகக் கேன்வாஸ் ஒட்டி, பக்கத் தையலை ஒரே மூச்சில் ஓட்டினால் நேரம் ஒன்றரை மணிக்கு இறங்கும். அப்படி மிச்சமாகிற நேரம் உன்னுடையது, அதைக் காட்டி விலையைக் குறைக்காதே. உயிர்ப்பு ஞாயிறுக்கு மைக் செட்டுக்கும் சீரியல் லைட்டுக்கும் உன் சபையில் பேரம் பேசுவார்களா? ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரு ஏத்தன் குலை ஆயிரக்கணக்கில் போகிறது. வெறும் வாழைக்குலைதானே என்று அங்கே யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா?

ஊழியம் என்கிறார்கள். ஊழியம் செய்ய உனக்கு மனசிருந்தால் செய், நான் தடுக்கவில்லை. நானும் சபைக்குச் சும்மா தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அதைக் காணிக்கையாகக் கொடு. 40 கூடை, கூடைக்கு 185 வீதம் 7,400 ரூபாய், இன்னாருடைய காணிக்கை என்று கணக்குப் புத்தகத்தில் எழுதச் சொல். மற்றவர்கள் காணிக்கையை வாசிக்கும்போது இதையும் வாசிக்கச் சொல். எழுத மாட்டோம் என்றால் அது காணிக்கை ஆகாது, கூலி பாக்கி. கமிட்டியில் பேச வாய் வரவில்லை என்றால் இந்தப் பதிலைக் காட்டு. உன் பெயர் இதில் இல்லை, என் பெயர் இருக்கிறது.

கைப்பிடி கேட்டிருந்தாய், விட்டுப்போயிற்று. நீ அதை வாய்க்கு வெளியே ஒட்டுப்போட்ட மாதிரி தைத்திருப்பாய், அதனால் பிய்கிறது. 4 இஞ்ச் அகலத்தில் ஒரு பட்டை வெட்டி, கேன்வாஸ் வைத்து நாலாக மடித்து ஒரு இஞ்சாகத் தை. உள்துணியையும் வெளித்துணியையும் சேர்க்கும்போது இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை இஞ்ச் உள்ளே போகிற மாதிரி சொருகு. புரட்டிய பிறகு அந்த இடத்தில் வெளியிலிருந்து ஒரு சதுரமும் சதுரத்துக்குள் பெருக்கல் குறியும் போட்டுத் தை. பிள்ளைகள் தூக்கிச் சுழற்றினாலும் வராது.

எனக்கு ஆறு கூடை வேண்டும். சாயம் போகாத துணி, லேஸ் வேண்டாம், முயல் உன் இஷ்டம். பெரிய வியாழனுக்கு முந்தின நாள் களியக்காவிளைக்கு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். பதில் எழுதும்போது முதல் வரியில் விலையை எழுது, நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குக் கீழே.