மாத்திரையும் மனசும்: எச்.ஐ.வி. மனநல ஆய்வு மையங்களின் பணம் பற்றி வாசகர் கேள்விகள்

எச்.ஐ.வி.க்கு மாத்திரை இருக்கிறது. மனநலத்துக்குத் தனி மருத்துவர் இருக்கிறார். இரண்டையும் சேர்த்து ஆராய அமெரிக்காவில் தனி மையங்கள் எதற்கு, அதற்கு அரசுப் பணம் எதற்கு?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

ஐயா, அந்த மாத்திரையை வாழ்நாள் முழுக்க, ஒரு நாளும் தவறாமல் விழுங்க வேண்டும். மனச்சோர்வில் இருப்பவருக்குக் காலையில் எழுந்து பல் தேய்ப்பதே மலையாகத் தெரியும். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம் என்பது நாடு நாடாக உறுதியான விஷயம். மாத்திரை விட்டுப் போனால் ரத்தத்தில் வைரஸ் அளவு ஏறும். உடம்பு கெடும், மனசு இன்னும் தளரும்.

இன்னொரு பக்கமும் உண்டு. தொற்றிய சில வாரங்களிலேயே இந்த வைரஸ் மூளைக்குள் போய்விடுகிறது. அமெரிக்காவின் சான் டியாகோ ஆய்வாளர்கள் முன்னின்று, 6 மருத்துவ மையங்களில் 1,555 பேரைப் பரிசோதித்தார்கள். 2010-ல் முடிவு வந்தபோது ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஞாபகத்திலும் கவனத்திலும் ஏதோ ஒரு குறை தெரிந்தது. பெரும்பாலும் லேசானதுதான். ஆனால் அது வைரஸாலா, மருந்தாலா, மனச்சோர்வாலா என்று பிரித்துப் பார்க்க வைரஸ் நிபுணரும் மனநல மருத்துவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அந்த மேசைக்குத்தான் பணம்.

தொடக்கத்தில் காரணம் இன்னும் எளிமையானது. சான் பிரான்சிஸ்கோ மையம் 1986-லும் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தை ஒட்டிய மையம் 1987-லும் தொடங்கின. முதல் மருந்தான ஏ.இசட்.டி.க்கு அனுமதி கிடைத்ததே 1987-ல்தான். அப்போது தடுப்புக்கு மனிதர்களின் நடத்தை மாறுவதுதான் முக்கிய வழி. அதனால்தான் அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் இதற்குள் வந்தது.

பி30 மானியம் என்று படித்தேன். சாதாரண ஆய்வு மானியத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?
(முனைவர் பட்ட மாணவி, கோயம்புத்தூர்)

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பி30 என்பது அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் (மேலே சொன்ன மனநல நிறுவனம் அதன் ஒரு பிரிவு) ஆய்வு மையங்களுக்குத் தரும் ஒரு வகை மானியம். அந்தப் பணத்தில் பெரிய ஆய்வு எதையும் நடத்த முடியாது. ஒவ்வொரு ஆய்வுக்கும் தனியாக விண்ணப்பித்து ஆர்01 போன்ற தனி ஆய்வு மானியம் வாங்க வேண்டும். பி30 கொடுப்பது எல்லா ஆய்வுகளும் சேர்ந்து பயன்படுத்தும் பொதுவசதிக்கு. நம் ஊர்க் கோயிலில் பொதுப் பாத்திரங்கள் இருக்குமே, அண்டாவும் குண்டாவும், யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று, அது மாதிரி. புள்ளியியல் நிபுணர், கேள்வித்தாள் தயாரிப்பவர், ஒழுக்கநெறி ஆலோசகர், எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களே உட்காரும் ஆலோசனைக் குழு, இளம் ஆய்வாளர்கள் முதல் முயற்சி செய்து பார்க்கச் சின்னத் தொகை எல்லாம் இதில் அடங்கும்.

ஒரு உதாரணம். மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாளைத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் மக்கள் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்ல மாட்டார்கள். ‘நெஞ்சு பாரமா இருக்கு’, ‘எதுலயும் பிடிப்பில்ல’ என்பார்கள். சிலர் தலைவலி, உடம்பு வலி என்று மட்டுமே சொல்வார்கள். இதைச் சரியாகப் பிடிக்கும் ஆள் உருவாகப் பல வருடம் ஆகும். தனி ஆய்வின் குறுகிய பட்ஜெட்டில் அப்படி ஒருவரை வைத்திருக்க முடியாது. மையத்தில்தான் முடியும்.

இந்த மானியம் பெரும்பாலும் 5 ஆண்டுக்கு. முடிந்ததும் மறுபடி போட்டியிட வேண்டும். ‘உங்கள் கண்டுபிடிப்பு என்ன?’ என்று கேட்டால், மற்றவர்களின் கண்டுபிடிப்புகளைத்தான் காட்ட முடியும். அதனால் பணத்தைக் குறைக்கும்போது முதலில் கண்ணில் படுவதும் இதுதான். இது பெரிய தவறு என்று நினைக்கிறேன். ஓர் ஆய்வு நின்றால் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்காமல் போகும். மையம் நின்றால் பழகிய ஆட்கள் வேறு துறைக்குப் போய்விடுவார்கள், திரும்ப மாட்டார்கள்.

சென்னையில் நடந்த பெரிய அமெரிக்க ஆய்வு தோல்வி அடைந்ததாமே? அந்தப் பணம் வீண்தானே?
(சமூகப் பணியாளர், சென்னை)

2010-ல் முடிவு வெளியான ஆய்வைச் சொல்கிறீர்கள். பின்னாளில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இதே மாதிரி ஓர் எச்.ஐ.வி. ஆய்வு மையத்தை நிறுவிய உளவியலாளர் ஜெஃப்ரி கெல்லி, அமெரிக்காவின் சின்ன நகரங்களில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் மதுக்கூடங்களில் ஒரு முறையைச் சோதித்தார். நாலு பேர் மதிக்கிற ஆளைப் பிடித்து, அவர் வழியாகவே பாதுகாப்பான உடலுறவு பற்றிய பேச்சைப் பரப்புவது. அங்கே பலன் தெரிந்தது. சீனா, இந்தியா, பெரு, ரஷ்யா, ஜிம்பாப்வே என்று 5 நாடுகளில் அதையே சோதித்தார்கள். சென்னையில் ஒயின் ஷாப்களுக்கு வருபவர்களிடம்.

முடிவு என்ன? ஆபத்தான நடத்தை நன்றாகவே குறைந்தது, ஆனால் இரண்டு பக்கமும்! அந்த முறையைப் பயன்படுத்தாத இடங்களிலும் அதே அளவு. அங்கேயும் பரிசோதனையும் ஆலோசனையும் கொடுத்திருந்தார்கள். ஆட்களை உட்காரவைத்து அக்கறையாகக் கேட்டதே வேலை செய்திருக்கலாம். இதை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். சோதிக்காமல் அந்த முறையை உலகம் முழுக்கப் பரப்பியிருந்தால் அதுதான் வீண்.

2025-ல் அமெரிக்கா நிதியை நிறுத்தியதே, இங்கே மாத்திரை கிடைக்காமல் போகுமா?
(வாசகர், மதுரை)

பயப்பட வேண்டாம். இந்தியாவில் ஏ.ஆர்.டி. மருந்து, அதாவது எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மாத்திரை, 2004-லிருந்து இலவசம். 2021 முதல் 2026 வரையான தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு ஒதுக்கிய 15,471.94 கோடி ரூபாய் முழுக்க மத்திய அரசின் பணம். அடி வாங்குவது ஆய்வு. அமெரிக்க மையம் மானியம் வாங்கி, அதில் ஒரு பங்கை இங்குள்ள நிறுவனத்துக்குக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. 2025 மே மாதம் அந்த வழியை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் நிறுத்தி, புதிய முறை கொண்டுவருவதாக அறிவித்தது. ஒரே ஆட்களை வருடக்கணக்கில் பின்தொடரும் ஆய்வில் ஆறு மாதம் விட்டுப்போனால், அந்த ஆறு மாதத்தைப் பிறகு கேட்டு வாங்க முடியாது.

1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தவர்களே சென்னைக்காரர்கள்தான், டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும். பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் மனநலமும் எச்.ஐ.வி.யும் சேர்ந்த ஆய்வு வெகுநாளாக நடக்கிறது. ஆள் பலம் நம்மிடம் உண்டு. பி30 மாதிரி நிலையான பொதுவசதிப் பணத்தை நம் அரசும் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

தம்பிக்கு மூன்று வருடமாக எச்.ஐ.வி. மாத்திரை. இப்போது யாருடனும் பேசுவதில்லை, ராத்திரி தூங்குவதில்லை. வெளியே சொல்லவும் பயம். என்ன செய்வது?
(ஒரு அக்கா, ஊர் வேண்டாம் என்றார்)

அம்மா, மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள், அது முதல் காரியம். எச்.ஐ.வி. மாத்திரைகளில் டோலுடெக்ராவிர் என்பது சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். பழைய மாத்திரையான எஃபாவிரென்ஸ் சிலருக்குக் கெட்ட கனவு கொண்டுவரும். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு ஏ.ஆர்.டி. மையத்தில் கவுன்சலரிடம் அப்படியே சொல்லுங்கள். மனநல மருத்துவர் மருந்து எழுதினால் ஏ.ஆர்.டி. அட்டையைக் காட்டுங்கள், சில மருந்துகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. தம்பியின் நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வதை 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது.

‘சாகலாம்னு தோணுதா’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ராத்திரி எந்த நேரமானாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ல் தமிழில் பேசலாம். எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097. இரண்டும் இலவசம்.